வேலூருக்கு நான்கு குளிர்ச்சட்டைகள்

பூமிக்குக் கிளம்பும் குடும்பங்கள், அதற்கு முன் சில வாரங்கள், தினமும் பெரிய அடுப்பு போன்ற ஓர் அறைக்குள் உட்கார்ந்துவிட்டு வருவது நிலவுக் குடியிருப்பில் வழக்கம். வெயில் பழகும் அறை என்று அதற்குப் பெயர். அன்றும் மாசிலாமணியின் சின்ன மகன் உள்ளேயிருந்து கதவைத் தட்டி அழுதான்.

"இன்னிக்குப் பங்குனி வெயில்தான்டா வெச்சிருக்காங்க. சித்திரை இன்னும் வரல," என்றாள் அவன் அம்மா குமுதவல்லி.

நிலவில் கோடை கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை மே மாதம்தான். முதலில் குடியேறியவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம், யாரும் மாற்றவில்லை. அதனால் நிலவுத் தமிழர்கள் அக்கினி நட்சத்திரத்தில்தான் ஊர் பார்க்கப் போனார்கள். இம்முறை வேலூரில் மாசிலாமணியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வேறு.

அறையில் எவ்வளவு பழகினாலும், நிலவில் வாழும் உடம்பு அந்த வெயிலைச் சிறிது நேரம்கூடத் தாங்காது. அதற்காக வந்ததுதான் குளிர்ச்சட்டை. அது உடம்பின் சூட்டை உறிஞ்சி, தங்கும் வீட்டில் வைக்கிற ஒரு பெட்டிக்குக் கம்பியில்லாமல் அனுப்பும். பெட்டி அதை அப்படியே தன்னைச் சுற்றிக் கக்கும். சட்டை போட்டவருக்கு வேலூர் ஊட்டியாகிவிடும்.

தங்கை செண்பகம் திரையில் வந்தாள். கல்யாண வேலைகளைப் பற்றிப் பேசிவிட்டுத் தயங்கினாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காத. பஸ் ஸ்டாண்டாண்ட நல்ல லாட்ஜ் ஒண்ணு வந்திருக்குது. ரூம் போட்டுடட்டுமா?"

மாசிலாமணியின் முகம் மாறியது. "பொண்ணோட தாய்மாமன் லாட்ஜ்ல தங்கணுமா? போன தடவை நாங்க கிளம்பறப்பவே நீ வாசலுக்கு வரல. அப்பவே நான் புரிஞ்சுக்கிட்டிருக்கணும்."

பேச்சு பூமிக்குப் போய்த் திரும்பச் சற்று நேரமாகும். இம்முறை அதைவிட நேரமாயிற்று.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்திக்கினு இருந்தேண்ணா. உங்க பெட்டிய எங்க வெச்சீங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. சமையலறையில். கூடத்தில் அனல் அடிக்கிறது என்று அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். அங்கே யார் போகப்போகிறோம் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. நான்கு பேரின் சூட்டில் நின்று அவள் மூன்று வேளையும் சமைத்திருக்கிறாள். வியர்த்து வழியப் பரிமாறியவளிடம், "உனக்கு வயசாயிடுச்சு செண்பகம்," என்று கிண்டல் வேறு செய்திருந்தார்.

பக்கத்தில் இருந்த குமுதவல்லி தரையைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டார் மாசிலாமணி.

"விருந்துக்கு வந்தவங்ககிட்ட எப்படிண்ணா சொல்றது?"

"நாங்க வரலம்மா. இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணிடறோம்," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

செண்பகம் பதறிப்போனாள். "தாய்மாமன் இல்லாம மாப்பிள்ளை வூட்டுக்காரங்க முன்னாடி நான் எப்படி நிக்கறது? லாட்ஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். பெட்டிய பின்பக்கச் சுவத்துக்கு வெளியே மாட்டிக்கலாம். சந்துக்கு அந்தாண்ட ஒரு வாடகைக் குடித்தனம், அவங்க ஜன்னல்தான் இருக்குது. கேட்டா, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு சொல்லிடலாம்."

அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தார் மாசிலாமணி. கேட்டால் சொல்லிவிடுவாள்.

"ஜாஸ்திதானே. பொய் ஒண்ணும் இல்லையே," என்றார், திரையைப் பார்க்காமல்.