போன வருடத்து முட்டைகள்

மத்தியானம் மூன்று மணிக்கு, இளைய மகளின் அறை வாசலில் நின்ற ஏர்கூலரின் பக்கத் தட்டியை அவன் கழற்றியபோது, உள்ளே தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. மகள் தூங்கியதும் கூலரை நிறுத்தியாயிற்று. காற்றும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தான். கொசு ஒழிப்பு வேலையில் பதினாறு வருடம் போனவனுக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. நூல் போலத் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள். கமா போல வளைந்து மிதக்கும் கூட்டுப்புழுக்கள்.

"இதுல எப்ப தண்ணி ஊத்தின?"

"ஒம்போது நாள் இருக்கும்," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "புழுக்கத்துல சின்னவ தூங்கவே மாட்டேங்குறா. ஏங்க, கொசுவா? ஊர்ல எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ் குடுக்குற ஆளு, நம்ம கதவுலயும் ஒண்ணு ஒட்டுங்க!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு முன் இந்தக் கூலர் கடைசியாக ஓடியது போன வருடம், மூத்த மகள் பெரியவள் காய்ச்சலில் கிடந்த வாரம்தான். அவள் இறந்துபோன பிறகு தண்ணீரைக் கொட்டி ஓரங்கட்டினான். தேய்த்துக் கழுவவில்லை. வீடு வீடாகப் போய் அவன் சொல்வதே அதைத்தான்: கொட்டினால் போதாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் பக்கங்களில் முட்டைகள் கரித்தூள் போல ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அந்த முட்டைகள் உருவாகத் தாய்க் கொசுவுக்கு ரத்தம் வேண்டும். அந்த வாரம் இதே அறையில் படுத்துக் கிடந்தவள் பெரியவள்தான்.

கண்ணெதிரே ஒரு கூட்டின் முதுகு பிளந்தது. வெளியே வந்த கொசு, தான் கழற்றிய தோலின் மீதே நின்று, வெள்ளை வளையம் போட்ட கால்களை ஒவ்வொன்றாக நீட்டி, ஈரச் சிறகைக் காயவைத்தது. பிறந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. ஒரு நாளாவது போகாமல் அது யாரையும் கடிக்காது. வயிற்றில் ஒன்றும் இருக்காது. கட்டைவிரலால் நசுக்கினான்.

விரலில் சிவப்பு.

வெதுவெதுப்பாக இருந்தது.

இன்னொரு கூடு பிளந்தது. அதற்கும் சிவந்த வயிறு. இன்னொன்று. மேலே, கூலரின் இருட்டுக்குள், ஏற்கெனவே ரீங்காரம். ஒன்றுகூட அவன் பக்கம் வரவில்லை. எல்லாம் அறைக்குள் போயின.

திரைச்சீலையை விலக்கினான்.

சின்னவள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரை கறுப்பாகக் கொசுக்கள். நெருக்கமாக. அசையாமல். அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

குடித்தால் வயிறு உப்ப வேண்டும்.

உப்பவில்லை. சிவந்து பருத்திருந்த வயிறுகள், ஒவ்வொன்றாக, அவள் கைக்குள் வற்றிக்கொண்டிருந்தன.