நாற்பதுக்குக் குறையாத ஏக்கம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு பியூலாவின் மணிக்கட்டுப் பட்டை முப்பத்தாறு என்று காட்டியது. போன வாரம் முப்பத்தெட்டு. அதற்கு முந்திய வாரம் முப்பத்தொன்பது. நான்காவது வாரமும் நாற்பதுக்குக் கீழே போனால் மாணவர் விசா ரத்து, இருபத்தெட்டு நாளில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆய்வேடு முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அப்படி என்ன குற்றம் செய்தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சந்தோஷமாக இருந்துவிட்டாள், அவ்வளவுதான்.

படிக்க வந்தவர்கள் படித்து முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பது அந்த நாட்டின் பழைய சட்டம். முன்பெல்லாம் அதற்கு அத்தாட்சியாகச் சொத்துப் பத்திரம் கேட்டார்கள், உறுதிமொழிக் கடிதம் கேட்டார்கள். எல்லோரும் கொடுத்தார்கள், பாதிப் பேர் திரும்பவில்லை. அப்புறம்தான் ஏக்கமானி வந்தது. ஊர் நினைப்பு வரும்போது நாடி எப்படித் துடிக்கிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது, நரம்பு எங்கே நடுங்குகிறது என்று பார்த்து, ஏக்கத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடும். வாய் பொய் சொல்லும், மணிக்கட்டு சொல்லாது என்று குடிவரவுத் துறை ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. ஏங்குகிறவன் திரும்பிப் போவான், ஏங்காதவன் ஒட்டிக்கொள்வான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இதில் தலைகீழாகப் புரண்டது ஹார்வென் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் உதவி மையம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு விருந்து வைத்து, நண்பர்களைச் சேர்த்துவிட்டு, தனிமையைப் போக்குவதுதான் ஒரு காலத்தில் அதன் வேலை. இப்போது வாசலில் ஏக்கப் பராமரிப்புப் பிரிவு என்று பலகை தொங்கியது. உள்ளே ஊர்வாசனை அறை என்று ஒன்று. அதில் உட்கார்ந்தால் மண்வாசனை, மீன்குழம்பு வாசனை, கோயில் மணியோசை, எது வேண்டுமோ அது வரும். பியூலா தென்கோடி நாசரேத்துக் கிறிஸ்தவப் பெண் என்பதால் அவளுக்குக் கிறிஸ்துமஸ் கீதம் போட்டார்கள். அவளோ அதோடு கூடவே பாடிவிட்டு, ஜாலியாக வெளியே வந்தாள்.

மைய அதிகாரி குகதாசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஐம்பது வயது. முல்லைத்தீவில் பிறந்து, சின்னப் பிள்ளையாக அகதிக் கப்பலில் வந்து சேர்ந்தவர்.

"என்ன தங்கச்சி, முப்பத்தாறுக்கு வந்திட்டுது. நீங்கள் இஞ்ச நல்லாச் சிரிச்சுக்கொண்டு திரியிறியள் போல?"

"சிரிச்சா தப்பா அண்ணா?"

"சிரிக்கிறது பிழையில்லை. பிடிபடுறதுதான் பிழை."

பியூலாவுக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லையே! உவர்நீரைக் குடிநீராக்கும் உப்புவடிச் சவ்வு ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் அகலச் சவ்வு, ஒரு நாளைக்கு ஒரு குடம் நீர் தந்தது. அது ஒழுங்காக வந்துவிட்டால் அவளுடைய ஊர்க் கிணறுகளுக்கே விடிவுகாலம். பக்கத்து மேசை மிரேயா அவளுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்தாள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டைப் பற்றிய கவலையும் இல்லை. அம்மா தினமும் காணொளியில் வந்து ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "நாங்க நல்லாருக்கோம். ஒரு கொறையும் இல்ல. நீ நல்லாப் படி, நல்லாச் சாப்புடு." பின்னால் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து அப்பா வலது கையை ஆட்டுவார். இதைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கு ஏக்கம் வரும்?

இதை அவள் சொல்லக் கேட்டதும் குகதாசனுக்குப் பொறி தட்டியது. இருபது வருஷமாக இந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறாரே. வீடே இடிந்து விழுந்தாலும் பிள்ளையிடம் "லேசா மழை" என்றுதான் சொல்வார்கள்.

"அம்மாவின்ர நம்பரைத் தாங்கோ," என்றார்.

அம்மா கனகமணி அங்கன்வாடி ஆசிரியை. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன தம்பி சொல்லுதீய? படிக்கப் போன பிள்ளைகிட்ட வீட்டுக் கவலையச் சொல்லணுமா? எந்தத் தாயாவது செய்வாளா?"

"சொல்லாட்டில் அவவைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், அம்மா. படிப்பும் போயிடும். பொய் ஒண்டும் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ, அதுவே காணும், போதும்."

கனகமணி மெதுவாகக் கேட்டாள். "உள்ளதச் சொன்னா அவ அங்கயே இருப்பாளா?"

"இருப்பா."

பாவம், அந்த மனுஷன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

மறுநாள் கனகமணி முதன்முதலாக வாயைத் திறந்தாள். நம் வீட்டுக் கிணறும் உப்பாகி ஒரு வருஷம் ஆகிறது, தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கிறோம் என்றாள். பட்டை நாற்பத்திரண்டு காட்டியது. உதவி மையத்தில் கை தட்டினார்கள். அடுத்த நாள் வீட்டுப் பின்சுவர் சரிந்த கதை. ஐம்பத்தைந்து. விசா தப்பித்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் இரண்டு வருஷம் அடைத்து வைத்த வாய் திறந்தால் சும்மா மூடுமா?

புதன்கிழமை கனகமணி காணொளியில் வந்தாள். வந்ததும் எழுந்து போய் அப்பாவின் நாற்காலியை நேராகத் திருப்பினாள்.

அப்பாவின் இடது கை மடியில் துணி மாதிரிக் கிடந்தது. வாயின் இடது ஓரம் இறங்கியிருந்தது.

"எப்பம்மா?" என்று கேட்டாள் பியூலா.

"போன வருசம் ஆடி மாசம். நீ பரிச்சை எழுதிக்கிட்டு இருந்த. முடியட்டும் சொல்லிக்கிடலாம்னாவ ஒங்கப்பா. பொறவு அடுத்த பரிச்சை வந்துட்டு. கேமராவுக்கு எப்பிடி இருக்கணும்னு அவியளே பழகிக்கிட்டாவ."

அப்பா வலது கையை ஆட்டினார். எப்போதும் ஆட்டுகிற மாதிரியேதான். பியூலா வாய்விட்டு அழுதாள். பதினாலு மாதம் தினமும் பார்த்தேனே, ஒரு நாளாவது இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று சொல்லத் தோன்றவில்லையே என்று அழுதாள்.

பட்டை தொண்ணூற்று மூன்றைத் தொட்டது. குடிவரவுத் துறையிலிருந்து பாராட்டு மடல் வந்தது. நாடு திரும்பும் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானதால் விசா மேலும் இரண்டு வருஷம் நீட்டிக்கப்படுகிறதாம். குகதாசன் மடலைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். பியூலா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ரெண்டு வருசம் தந்திருக்கிறாங்கள்! இப்ப போய் என்ன செய்யிறியள்?"

"அண்ணா, மூணு நாளா சவ்வுல கை வைக்க முடியல. எதப் பாத்தாலும் அப்பா கைதான் தெரியுது. நான் போறேன்."

"எட்டு மாசம்தானே பிள்ளை. பல்லைக் கடிச்சுக்கொண்டு..."

"உள்ளதச் சொல்லச் சொன்னது நீங்கதானே?"

பாராட்டு மடல் வாங்கித் தந்தோம் என்று வந்த குகதாசனுக்கு, தன் கையாலேயே ஒரு படிப்பைக் கெடுத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மிரேயா சவ்வுத் தட்டைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்தாள்.

விமான நிலையத்தில் விசாவை ஒப்படைத்தபோது அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று கை குலுக்கினார். "இவ்வளவு உண்மையான மாணவியை இந்த வருஷம் பார்க்கவில்லை," என்றார். பியூலா பட்டையைக் கழற்றச் சொன்னதற்கு, முடியாது என்று தலையாட்டினார். அவள் ஊர் போய்ச் சேர்ந்து, ஏக்கம் நாற்பதுக்குக் கீழே இறங்கியதும் அது தானே கழன்றுகொள்ளும், கோப்பும் அப்போது மூடப்படும் என்றார்.

நாசரேத்தில் கதவைத் திறந்த கனகமணிக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணமே மகளின் பெட்டிகளைப் பார்த்துவிட்டாள்.

"எதுக்குட்டி வந்தே? சொன்னா நீ அங்கயே இருப்பேன்னு அந்தத் தம்பி சொன்னாரு. சொன்னதுனாலல்லா வந்து நிக்கே!"

"எல்லாத்தையும் சொல்லிட்டு, வராம இருன்னா எப்பிடிம்மா?"

"நான் தாங்கிக்கிட்டுத்தானட்டி இருந்தேன். ஒன்ன யாரு தாங்கச் சொன்னா?"

அப்பா உள்ளிருந்து குழறிய குரலில் கேட்டார். "படிப்ப விட்டுட்டா வந்த?" அவள் இல்லை என்று பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினாலு மாதம் ஒருக்களித்து உட்கார்ந்ததெல்லாம் இதற்காகவா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பியூலா அப்பாவைக் குளிப்பாட்டினாள், கையைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தாள், தண்ணீர் வண்டிக்குக் குடம் தூக்கிப் போய் வரிசையில் நின்றாள். ஒவ்வொரு குடமும் நிறையும்போது சுண்டுவிரல் அகலச் சவ்வு ஞாபகம் வந்தது. மிரேயா அதை இன்னும் குளிரில் வைத்திருப்பாளா, தூக்கி எறிந்திருப்பாளா? காலையில் கண் விழித்ததும் ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் தேடினாள். இரண்டு மாதம் ஆகியும் பட்டை கழலவில்லை.

ஒரு மத்தியானம், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குடிவரவுத் துறையின் மடல் வந்தது. கடவுச்சீட்டு முத்திரையைவிட மணிக்கட்டை நம்புகிற துறை அல்லவா அது.

"என்னட்டி போட்டுருக்கான்?" என்றாள் கனகமணி.

பியூலா படித்தாள். "தங்கள் ஏக்க அளவு எண்பத்தெட்டில் நீடிக்கிறது. ஆகவே தாங்கள் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை என்று பதிவாகியுள்ளது. இருபத்தெட்டு நாளுக்குள் ஊர் திரும்பவும்."

"கிறுக்குப் பயலுவ! வீட்டுலதான இருக்க? இங்கதான் இருக்கேன்னு எழுதிப் போடு."

பியூலா பதில் எழுத உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எழுதியது தப்பு என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.