சமையலறைக் குழாயில் இரண்டு தட்டு

அண்ணன் வீட்டுச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தியபோது சொந்தக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். இந்தக் காலத்தில் எவன் தங்கைக்குப் பிறந்து வளர்ந்த வீட்டை முழுசாகத் தூக்கிக் கொடுப்பான்?

அவள் சாவியைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு ஆறு வயதில், நகைகளைச் சுருட்டிக்கொண்டு அம்மா யாரோடோ போய்விட்டாள் என்றார்கள். அதன்பிறகு தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் அவன்தான்.

குடிவந்த வாரமே, புதுக் குளியலறைக்குக் குழாய் பதிக்கப் பிளம்பரை அழைத்தாள். வெயில் உச்சியில் இருந்தது. வீட்டின் பின்புறம் முழங்கால் ஆழம் தோண்டியதும் கடப்பாரை ‘ணங்’ என்றது.

பிளம்பர் குழிக்குள் குந்தி, துருவேறிய இரும்புக் குழாயில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். “சில்லுனு இல்லே. தண்ணி ஓடலே. இது யார் வீட்டுக் குழாயோ தெரியலியே.”

“வெட்டி எறிஞ்சிடுங்களேன்.”

“நல்லாச் சொன்னீங்க மேடம்! ரெண்டு முனையும் தெரியாம குழாயைத் தொடக் கூடாது. போன மாசம் ஒரு வீட்ல அவசரப்பட்டு வெட்டிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தலை நிறைய சோப்பு நுரையோட வந்து என் சட்டையைப் பிடிச்சாரு.” சுத்தியலை எடுத்தார். “நான் இங்கே தட்டறேன். நீங்க உள்ளே ஒவ்வொரு குழாயா காதை வைங்க. கேட்டா குரல் குடுங்க.”

குளியலறையில் ஒன்றுமில்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு இரும்புக் குழாய் முளைத்து நின்றது. அதன் வாயில் துணியைத் திணித்து, மேலே சிமெண்டு பூசியிருந்தார்கள்.

காதை வைத்தாள். டங். டங். டங். சீரான சுத்தியல் சத்தம்.

“இதான்! கேக்குது!” என்று கத்தினாள்.

சத்தம் நின்றது. பிறகு மெதுவாக, ஆழத்திலிருந்து...

டங் டங்.

டங் டங்.

“கேக்குதுன்னு சொல்லிட்டேனே, போதும்!”

“என்ன மேடம் போதும்?”

பிளம்பர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். சுத்தியல் அவர் இடுப்பில்.

டங் டங்.

அவர் முகம் வெளுத்தது. “குழியில யாரும் இல்லே மேடம்,” என்று கிசுகிசுத்தார்.

அவளுக்கு அந்தத் தட்டு தெரியும். ஆறு வயதில் பழகிய தட்டு. நிலத்தடித் தொட்டியைக் கழுவ அம்மா உள்ளே இறங்குவாள். குழந்தை விழுந்துவிடக் கூடாதென்று மூடியைச் சாத்தச் சொல்லுவாள். வேலை முடிந்ததும் வளையலால் மோட்டார் குழாயில் தட்டுவாள். இரண்டு தட்டினால், மூடியைத் திற. மூன்று தட்டினால், கீழே இறங்கி வந்து கைகொடு. சமையலறையிலிருந்து இவள் கரண்டியால் திருப்பித் தட்டினால், இதோ வந்துவிட்டேன் என்று பொருள்.

யோசிக்கும் முன்பே அவள் கை கரண்டியை எடுத்துத் தட்டிவிட்டது.

டங் டங்.

கீழே அமைதி.

அப்போதுதான் அம்மா காணாமல்போன அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. நகைக்காக அம்மாவும் அண்ணனும் மல்லுக்கு நின்ற வாரம் அது. “பழைய தொட்டி ஆபத்து பாப்பா, நீ விழுந்துடுவே,” என்று இவளிடம் சொல்லிவிட்டு, அண்ணன் மூடியின்மேல் சிமெண்டு பூசினான். ரேடியோவை அலறவிட்டிருந்தான். சிமெண்டு குழைக்கச் சின்ன வாளியில் தண்ணீர் சுமந்து கொடுத்தது இவள். “என் சமத்து,” என்று கன்னத்தைத் தட்டினான்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா... பழைய தொட்டிக் குழாய்ல...”

“திருப்பித் தட்டினியா?”

அவன் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

“ம்.”

நீண்ட பெருமூச்சு. பல வருஷச் சுமையை இறக்கி வைத்த பெருமூச்சு. “அப்பாடா. எத்தனை வீடு மாத்தினாலும் சுவத்துக்குள்ள தட்டிக்கிட்டே இருந்தது. நீ பதில் தட்டினப்புறம்தான் இங்கே நின்னுது.”

“அண்ணா, இதுக்குத்தான் எனக்கு வீட்டைக் கொடுத்தியா?”

போன் துண்டிக்கப்பட்டது.

வீடு அல்ல. தன் பங்கு பயத்தைத்தான் சாவியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறான்.

“உடைங்க,” என்றாள். பிளம்பர் மறுபேச்சுப் பேசவில்லை. குழாய் போன வழியே மண்ணை விலக்கி, சிமெண்டுப் பலகையைக் கண்டுபிடித்துக் கடப்பாரையால் பிளந்தார். அடைபட்ட காற்று புஸ்ஸென்று வெளியேறியது. ஈரத் துருவின் நெடி. வெளிச்சம் உள்ளே விழுந்தது. குழாயை ஒட்டி எலும்புகள் சுருண்டு கிடந்தன. வளையல் இன்னும் மணிக்கட்டில் இருந்தது.

“அம்மா, தொறந்துட்டேன்மா,” என்று விம்மினாள். “இனிமே தட்டாதேம்மா.”

போலீஸுக்குச் சொல்லப் பிளம்பர் வாசலுக்கு ஓடினார். அவள் மட்டும் தொட்டியோரம் முழங்காலிட்டிருந்தாள். எலும்புகள் அசையவில்லை. ஆனால் அன்று வாளி சுமந்தது எந்தக் கை என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

வீட்டுக்குள்ளே, சமையலறைக் குழாயில், மீண்டும் கேட்டது. இந்த முறை இரண்டோடு நிற்கவில்லை.

டங்.

டங்.

டங்.