செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம்

ட்வைலா கீழே இருந்து கூப்பிட்டாள். ஆனால் குரல் தப்பான மூலையிலிருந்து வந்தது.

நிலவறைக்குப் போகும் படி சமையலறையில் இருந்தது. மின்சாரம் போனதும் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்கிறேன் என்று அவள் அந்தப் படியில்தான் இறங்கினாள். குரலோ முன்னறைத் தரைக்கு அடியில், தெருவை ஒட்டிக் கேட்டது. சோபாவில் உட்கார்ந்திருந்த ரோஷெல் கால்களை மேலே தூக்கிக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரோஷெல்... இங்க வாயேன்."

"உன்னத்தான் கூப்பிடறா. எந்திரிடி மகாராணி," என்றாள் கெண்ட்ரா.

மேக்கன் ஊரிலிருந்து மூவரும் சேர்ந்து வந்த முதல் பயணம் அது. ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. ஒன்றாக விடுமுறை கிடைத்ததே இல்லை. ட்வைலாவின் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அவள் பிழைத்து எழுந்த பிறகு கெண்ட்ரா அடம்பிடித்தாள்: "செத்துப் பொழைச்சு வந்திருக்கா. இவளுக்குச் சவன்னா ஊரக் காட்டாம நான் விடமாட்டேன்." அங்கே ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்தார்கள். காலையில் இறாலும் சோளக்கூழும் தின்றுவிட்டு, பாசி தொங்கும் ஓக் மரங்களின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சிரித்துச் சிரித்து ட்வைலாவுக்கு மூச்சு வாங்கியது. மதியத்துக்கு மேல் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பட்டப்பகல் இருண்டு கிடந்தது.

இருவரும் நிலவறைக் கதவைத் திறந்தபோது, சதுப்புச் சேறும் துரு ஏறிய இரும்பும் காலங்காலமாகப் பூட்டிக் கிடந்த மூச்சும் கலந்த ஒரு வாடை படியேறி வந்து அவர்கள் முகத்தில் மோதியது. கைப்பேசி வெளிச்சத்தில் கறுத்த தண்ணீர் கணுக்காலளவு நின்றது. செங்கல் வளைவுகளுக்கு அடியில் நிழல்கள் அசைந்தன. ட்வைலாவைக் காணவில்லை.

"ட்வைலா?"

"இங்க." சுவருக்குள்ளிருந்து வந்தது பதில். "மூச்சு முட்டுதுடி."

கெண்ட்ரா அந்தச் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தாள். கதவு இல்லை, இடுக்கு இல்லை. "எப்படிடி உள்ள போன?"

"தெரியல. தண்ணி ஏறுது."

அவசர உதவிக்குக் கெண்ட்ரா பேசினாள். சாலையெல்லாம் வெள்ளம், வருகிறோம், அமைதியாக இருங்கள் என்றார்கள். அமைதியாக எப்படி இருப்பது? பாதி நுரையீரலோடு ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துவந்து ரோஷெல் குத்தத் தொடங்கினாள். சுண்ணாம்பு மணலாய் உதிர்ந்தது, அவள் நகம் பிய்ந்தது, தண்ணீர் முழங்காலைத் தொட்டது, அவள் நிறுத்தவில்லை. "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்று அழுதுகொண்டே குத்தினாள். ஒரு செங்கல் உள்ளே விழுந்தது.

அந்த ஓட்டை வழியாக ஒரு கை வந்தது.

ரோஷெல் அதைப் பற்றினாள். ஜில்லென்றிருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்த பிடி. ஆஸ்பத்திரியில் ட்வைலா வலியில் துடித்தபோதெல்லாம் இப்படித்தான் ரோஷெலின் கட்டைவிரலைச் சுற்றி இறுக்கிக்கொள்வாள்.

"பிடிச்சிட்டேன்! கெண்ட்ரா, பிடிச்சிட்டேன்!"

அப்போது மேலே வாசல் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்று கெண்ட்ரா ஓடினாள். கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒரு இருமல்.

"எவ்வளவு நேரமாடி தட்டறது? கீழ ஃபியூஸ் பெட்டியே இல்ல. சந்துப் பக்கம் ஒரு குட்டிக் கதவு இருந்துச்சு, அது வழியா வெளிய வந்தா டப்புன்னு சாத்திக்கிச்சு. பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வர்றேன். தெருவுக்கே கரண்ட் இல்லியாம்." ட்வைலாதான். மூச்சு இரைத்தது. "ரோஷெல் எங்க?"

ரோஷெல் தன் கையிலிருந்த கையைப் பார்த்தாள்.

"ரோஷெல்!" கெண்ட்ரா படியின் உச்சியிலிருந்து அலறினாள். "அந்தக் கைய விடு! ட்வைலா இங்க இருக்கா! மேல வா!"

விட்டாள். அது விடவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும். காற்றுகூட வரவில்லை.

"விட்டுட்டேன்டி," என்றது ஒரு குரல். ரோஷெலின் குரல். சுவருக்குள்ளிருந்து. "படிகிட்ட வர முடியல, தண்ணி இழுக்குது. சந்துக் கதவு வழியா வெளிய வந்துடறேன். கீழ வராதீங்க, கதவத் தாழ் போட்டுட்டு வெளிய ஓடுங்க. சீக்கிரம்!"

வேண்டாம். கெண்ட்ரா, வேண்டாம். இது நான் இல்ல.

"சீக்கிரம் வாடி!" கெண்ட்ரா அழுதாள்.

கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது.

கைப்பேசி நழுவித் தண்ணீருக்குள் விழுந்து அணைந்தது. ரோஷெல் கால்களைச் சுவரில் உதைத்து இழுத்தாள். தோள் நெரிந்தது. பிடி இளகவில்லை. இடுப்பளவு தண்ணீர். தலைக்கு மேலே, தெரு மட்டத்தில், கம்பி போட்ட ஒரு காற்றுத்துளை. அதில் மட்டும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம்.

அங்கே கால்கள் வந்து நின்றன. ட்வைலாவின் மஞ்சள் செருப்பு. கெண்ட்ராவின் வெள்ளைக் காலணி.

ரோஷெல் மறு கையால் சுவரை அறைந்தாள். மழை அதைவிடச் சத்தமாகப் பெய்தது.

சந்துப் பக்கமிருந்து வெறுங்கால்கள் நடந்து வந்தன. அத்தனை மழையிலும் அவற்றில் அப்பியிருந்த செங்கல் தூள் கரையவில்லை.

"வந்துட்டேன்," என்றது அவள் குரல், வெளியே.

வெள்ளைக் காலணிகள் ஓடிப்போய் அந்தக் கால்களோடு ஒட்டி நின்றன. கெண்ட்ரா விம்மும் சத்தம் கேட்டது. "உயிரே போயிடுச்சுடி எனக்கு. வா, இந்த ஊரே வேணாம். வீட்டுக்குப் போலாம்."

"போலாம்," என்றது குரல்.

மூன்று ஜோடிக் கால்களும் சேர்ந்து நடந்து, கம்பிகளைத் தாண்டிப் போயின.

இருட்டில் இன்னொரு செங்கல் விழுந்தது. சுவருக்குள்ளிருந்து இரண்டாவது கை மெல்ல வெளியே வந்து, அவளுடைய மறு கையைத் தேடித் துழாவத் தொடங்கியது.