பிறகு என்னும் பொத்தான்

அன்று மதியம் அவர் கடைசியாகக் கேட்டது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. நான் அடுப்படியில் பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தேன். கூடத்தில் டிவி வழக்கம்போல அந்தச் சம்மதம் கேட்கும் பக்கத்தைக் காட்டியிருக்க வேண்டும். அவர் குரல் கேட்டது.

"நம்ம நிக்காஹ்லகூட என்கிட்ட ஒருக்காதான் சம்மதம் கேட்டாக நர்கீஸு. இது தினமும் கேக்குது."

அப்புறம் ரிமோட்டின் சத்தம். டக், டக், டக். வலப்பக்க அம்புக்குறி தேய்ந்திருந்ததால் மூன்று தடவை அழுத்தினால்தான் நகரும்.

டம்ளரோடு நான் வந்தபோது மணி மூன்று பத்து. நாற்காலியில் கண் திறந்தபடி சாய்ந்திருந்தார். ரிமோட் மடியில் இருந்தது. மூச்சு இல்லை.

என் கணவர் கிதர் முகம்மது, பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவர் மேலிருந்து கடுக்காய் ஊறிய வாடை போகாது. எங்கள் மகன் அக்மல் சார்ஜாவிலிருந்து வந்தபோது வாங்கி மாட்டிய டிவி அது. இன்டர்நெட்டில் ஓடுவது. நாங்கள் பார்ப்பதையும் பேசுவதையும் கவனித்து, அதற்கேற்ற விளம்பரம் போட அனுமதி கேட்கும். அதற்கு இரண்டே பொத்தான்கள். ஒன்று 'சம்மதம்'. இன்னொன்று 'பிறகு'.

'முடியாது' என்று ஒன்று கிடையாது.

அதனால் இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல், அவர் 'பிறகு' என்றே அழுத்தினார். "வீட்டுக்குள்ள நம்ம பேசுறத ஒட்டுக்கேக்க இவன் யாரு?" என்பார்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அக்மல் சார்ஜாவுக்குக் கிளம்பினான். பெட்டியைக் கட்டியபடியே சொன்னான்.

"அத்தா சும்மா தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்திருக்காக. தினமும் இது குறுக்க வராம நீங்க டிவில குர்ஆன் கேக்க வசதியா இருக்கட்டும்னு நான் சம்மதம் குடுத்துட்டேம்மா."

நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

எங்களில் கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள். வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. எனக்கு அது பாரமாக இல்லை. மதியத் தொழுகை முடிந்ததும் அவருடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அவரோடு பேசுவேன். முப்பத்தாறு வருடத்தில் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த நேரத்தில்தான் வாய்க்கு வந்தது. அந்தப் பேச்சு மட்டும்தான் எனக்கென்று மிச்சம்.

ஒருநாள், "முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்காமலே அனுப்பிட்டேனே" என்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துக் குர்ஆன் கேட்க டிவியைப் போட்டேன். முதலில் வந்தது மூட்டுவலி எண்ணெய் விளம்பரம்.

எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள், அவர் காலில் போடாமலே போன புதுச் செருப்பைப் பற்றிச் சொன்னேன். திரையில் செருப்பு வந்தது. அதே பழுப்பு நிறம். எட்டாம் நம்பர்.

மூன்றாம் நாள் குரலே எழாமல் முணுமுணுத்தேன்: "என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

டிவியைப் போட்டேன்.

பிரீசர் பாக்ஸ் வாடகைக்கு. இருபத்துநாலு மணி நேர சேவை. அக்மல் வந்து சேரும்வரை அவரைக் கிடத்தியிருந்தோமே, அதே மாதிரிப் பெட்டி.

காலியாக.

அண்ணன் மகள் பாஸிலாவைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தெரு. வந்ததும் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செட்டிங்கில் ஒவ்வொன்றாக அணைத்தாள். மைக்கை அணைத்தாள்; விளம்பரத்துக்கான ஐடியை அழித்தாள். ஒன்றை அணைத்தால், "உங்கள் அனுபவம் குறையும், பரவாயில்லையா?" என்று இன்னொன்று கேட்டது.

"மாமி, இது மாமியாளவிட மோசமா நச்சரிக்குது."

"ஒம் மாமியா காதுல விழப்போகுது."

"அது இங்கன இல்ல. இதுதான் கேக்குது" என்று டிவியைக் காட்டினாள். சிரிக்கத்தான் சொன்னாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்க மட்டும் முடியவில்லை. அதற்கு ஓடிபி வேண்டுமாம். அது அவருடைய நம்பருக்குப் போகும். அந்த சிம்மை அக்மல் ரத்து செய்திருந்தான். பாஸிலா கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டோம். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"அக்கவுண்ட் சார் பேர்ல இருக்கு மேடம். சார்கிட்ட குடுங்க."

"அவுக மௌத்தாயிட்டாக" என்றாள் பாஸிலா.

"ஓ, சாரி மேடம்." கொஞ்சம் தட்டச்சுச் சத்தம். "சரி மேடம், சார் வந்ததும் பேசச் சொல்லுங்க."

பாஸிலா போனை வைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். ரிமோட்டைத் திறந்து இரண்டு பேட்டரியையும் எடுத்து என் ஊசி டப்பாவில் போட்டேன். வெறும் ரிமோட்டை அவர் நாற்காலிக் கையில் வைத்துவிட்டு, டிவிமேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன்.

மறுநாள் மதியம். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பேசப் பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வாடை வந்தது.

கடுக்காய்.

போர்வைக்குள் வெளிச்சம் ஏறியது. பிளக் தரையில் கிடந்தது, நான் பார்த்தேன். எழுந்துபோய்ப் போர்வையின் ஓரத்தைத் தூக்கினேன். அதே பக்கம். சம்மதம், பிறகு. மஞ்சள் கட்டம் 'சம்மதம்' மேல் நின்றது.

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எனக்குப் பின்னால், நாற்காலிப் பக்கமிருந்து,

டக்.

டக்.

டக்.

மஞ்சள் கட்டம் வலப்பக்கம் நகர்ந்தது. திரை அணைந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இரண்டு வருடம் சொன்ன பதிலை, கபுருக்குப் போன பிறகும் ஒரு மனுஷன் எழுந்துவந்து சொல்ல வேண்டுமா?

"போதும்ங்க. போய் நிம்மதியா உறங்குங்க" என்றேன்.

மறுநாள் காலையில் பாஸிலா வந்து பிளக்கைச் சொருகி, டிவியிலேயே இருக்கும் பொத்தானால் செட்டிங்கைத் திறந்தாள்.

"மாமி, நீங்களா மாத்துனீக?"

'சம்மதம்: தரப்படவில்லை' என்றிருந்தது. மறுபடி பிளக்கைக் கழற்றச் சொன்னேன்.

இத்தா முடிந்து ஒரு மாதமாகிறது. டிவியை விற்றுவிடச் சொல்லி அக்மல் போனில் சொல்கிறான். பிறகு பார்க்கலாம் என்கிறேன். மதியங்களில் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறேன். மூன்று பத்துக்குப் போர்வைக்குள் வெளிச்சம் வரும். மூன்று சத்தம். பிறகு இருட்டு.

ரிமோட்டின் இரண்டு பேட்டரியும் இன்னும் என் ஊசி டப்பாவில்தான் இருக்கின்றன.