இரண்டு உருளைக்கு நடுவே

“சாயங்காலத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைச்சிருவாங்களாம் மேடம். என் வூட்டுக்காரரு திருடலைங்க.”

கிருஷ்ணகிரியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஃபகருன்னிசாவின் முன்னால் வெள்ளையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கணவன் மணிவேல் லாரி ஓட்டுநர். ஓசூரில் ஏற்றிய சரக்கில் ஒரு தாமிரத் தடியைக் காணவில்லை. வழியில் குந்தாரப்பள்ளிச் சந்தையோரம் டீ குடிக்க நிறுத்தியது வினையாகிவிட்டது.

“சந்தையில தள்ளிவிட்டிருப்பாருக்கா. மாட்டையே டீ ஆறறதுக்குள்ள கைமாத்தற இடம்,” என்றான் உதவியாளன் ஆனந்தராஜ். கடைக்காரர் சொல்லும் முதல் விலைக்கே தலையாட்டும் ரகம் அவன். வெள்ளையம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

அவர்கள் போனபோது, சரக்கு இறங்க வேண்டிய கிடங்கில் லாரி அப்படியே நின்றது; பக்கத்தில் மணிவேல். பலகைத் தளத்தில் இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று தொட்டபடி படுத்திருந்தன. பெரியதன் ஆரம் முப்பத்தாறு சென்டிமீட்டர், சிறியதற்கு ஒன்பது. உருளாமலிருக்க இருபுறமும் தளத்தில் ஆணியடித்த மர ஆப்பு. ஆணித் தலைகளில் பூசிய சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

சரக்கை ஏற்றிவிட்ட மேற்பார்வையாளர் கிருஷ்ணப்பன் ஓசூரிலிருந்து வந்திருந்தார். “பெரிய உருட்டுங்களுக்கு நடுச் சந்துல, தளத்தோட ஒட்டி, சின்னத் தடியைச் சொருகறது எங்க வழக்கம் மேடம். ஆரம் அஞ்சு சென்டி தாமிரம். நானே சொருகுனேன்.”

“ஆப்பு?”

“அதுக்கப்புறம் அடிச்சேன். பெயின்ட்டும் நான்தான் வெச்சேன். யாராச்சும் ஆப்பை அசைச்சிருந்தா உதிர்ந்திருக்குமே!”

“அப்ப உருளைங்க ஓசூர்லயும் இதே மாதிரி தொட்டுக்கிட்டுதான் இருந்துச்சு.”

“பின்னே?”

ஃபகருன்னிசா சாக்கட்டியால் லாரியின் பக்கப் பலகையில் வட்டங்கள் வரைந்தாள். “ஆனந்தா, தரையில நிக்கற ரெண்டு வட்டம் தொட்டா, அதுங்க தரையைத் தொடற புள்ளிங்களுக்கு நடுவுல எவ்வளவு தூரம்? ஆரங்களைப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ரெட்டிப்பாக்கு.”

“முப்பத்தாறு சென்டிக்கா.”

“சந்துக்குள்ள ரெண்டையும் தரையையும் தொடற குட்டி வட்டம் அந்தத் தூரத்தை ரெண்டாப் பிரிக்கும். பெரிய வட்டத்துப் பக்கம், குட்டி ஆரத்தோட வர்க்கமூலம் மாதிரி பன்னெண்டு மடங்கு. சின்னதுப் பக்கம் ஆறு மடங்கு. மொத்தம் பதினெட்டு மடங்குதான் அந்த முப்பத்தாறு.”

“வர்க்கமூலம் ரெண்டு...” ஆனந்தராஜின் குரல் இறங்கியது. “ஆரம் நாலு!”

“அஞ்சு நுழையாது.”

“பலகையில சரிதான் மேடம்,” கிருஷ்ணப்பன் சிரித்தார். “இது இரும்பு. முன்னப்பின்ன இருக்கும்.”

அவள் பேரம் பேசவில்லை. கிடங்கில் கிடந்த குழாய்களில் நாலு சென்டி ஆரமுள்ள ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். மணிவேல் அதைச் சந்துக்குள் தள்ளினான். வழுக்கிக்கொண்டு போய் அமர்ந்தது.

“வழக்கத்தைச் சொன்னீங்க கிருஷ்ணப்பன். சொருகிப் பாத்திருந்தா வேற கதை சொல்லியிருப்பீங்க. தாமிரம் லாரியிலயே ஏறலை.”

கிருஷ்ணப்பன் ஆப்பைப் பார்த்தார், பெயின்ட்டைப் பார்த்தார். “ஓசூர் குடோன்ல... சாக்குக்கு அடியில இருக்குதுங்க.”

வெள்ளையம்மா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனந்தராஜ் குழாயருகே குனிந்தான். தளத்தோடு சேருமிடத்தில் நகத்தை நுழைத்துப் பார்த்தான். பெரிய உருளையைத் தொடுமிடத்தில், சிறியதைத் தொடுமிடத்தில். மூன்று இடத்திலும் நுழையவில்லை.

“அக்கா, குழாயைத் தொடாமயே அளவைச் சொல்லிட்டீங்களே!” என்றவன், கோயிலுக்குள் நிற்பவனைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டான்.