மிளகுக்கு அடுத்த அளவு

பதினொரு டப்பாவிலும் சிலந்திகள் ஒரே பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன.

எழில் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷமாக ஆராய்ச்சி மாணவனாகவே இருப்பவனைச் சொந்தக்காரர்களே முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. சிலந்தி முதுகைக் காட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனாலும் மனசு கேட்காமல், டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு திசையில் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து பார்த்தால் பதினொன்றும் மறுபடி அதே பக்கம். பக்கத்து வீட்டுச் சுவரின் பக்கம்.

அந்தச் சுவருக்கு அப்பால் ஆள் கிடையாது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பின் கடைசி வரிசை அது. பக்கத்து வீட்டின் மேல் ‘இடிக்கப்பட வேண்டியது’ என்று சிவப்பு பெயின்டில் எழுதிவிட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. எழுதியதோடு இடித்த திருப்தி வந்துவிட்டது போல. இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரையைத் தொடாமல், சமையலறைப் பரணுக்கு மேலே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடைவெளி விட்டு நின்றிருந்தது. அந்த வழியாகத்தான் இந்தச் சிலந்திகள் வந்தன. உலகத்தில் எழிலைத் தவிர யாரும் பார்த்திராத சிலந்திகள்.

கசகசா அளவில் சில, கடுகு அளவில் சில, கொத்தமல்லி அளவில் சில, மிளகு அளவில் மூன்று. முதுகுக் கோடும் அளவுக்கு அளவு வேறு. ஆகவே நான்கு புது இனம் என்று எழுதி, படம் வரைந்து, பெயரும் வைத்து ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டான். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் அநாகரிகம். அதனால் கொத்தமல்லிக்கு வழிகாட்டி ஷோபனா மேடம் பெயர். மிளகுக்கு அம்மா பெயர்.

“ஏன்டா, பூச்சிக்கு என் பேரா வெச்ச?” என்று கஸ்தூரி கேட்டாள். “ஒங்கப்பன் பேரு இன்னா தேஞ்சா பூட்ச்சு?”

“அது பூச்சி இல்லம்மா. பூச்சிக்கு ஆறு கால்தான்.”

“ரெண்டு கால் சேத்தி. ரொம்ப முக்கியம்.”

மேடம் போன் செய்தபோது காலை பதினொரு மணி. புயல் மழையில் ஆகாயம் சாயங்காலம் ஆறு மணி போல இருண்டு கிடந்தது.

“எழில், பத்திரிகையிலேருந்து பதில் வந்துடுச்சு. உங்களோடது நாலு இனம் இல்லையாம். ஒரே இனமாம். அதோட நாலு பருவமாம்.”

“மேடம்?”

“எல்லாமே குஞ்சு. வளந்த பொம்பளச் சிலந்திக்கு வயித்துக்கு அடியில கறுப்பா ஒரு குறி இருக்கணும்ல? உங்க மிளகுலகூட அது இல்ல. குஞ்சை வெச்சுப் பேர் வைக்க முடியாது. வளந்தது ஒண்ணு வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லன்னா உங்க ஆராய்ச்சிப் பதிவே ரத்தாயிடும். ஆறு வருஷம், எழில்.”

“மிளகே குஞ்சுன்னா, மேடம், வளந்தது...”

“அதைத்தான் தேடச் சொல்றேன்.”

போனை வைத்தான். கூரைமேல் மழை கொட்டும் இரைச்சல், சமையலறையில் புளிக்குழம்பு கொதிக்கும் வாசனை, ஜன்னல் வழியே வந்த ஈரச் சுண்ணாம்பு நெடி. இவை எல்லாவற்றுக்கும் அடியில், கவனித்தால் மட்டும் கேட்கிற மாதிரி, டப்பாக்களிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பதினொன்றும் முன்னங்காலைத் தூக்கி ஒரே நேரத்தில் தட்டின. டிக். டிக். டிக். நிறுத்தின.

சுவர் பதில் சொன்னது.

தொம். தொம். தொம்.

“இன்னாடா இடிக்கிற?” என்றது சமையலறை. “கொழம்பு கொதிக்கசொல்ல தூசி கொட்டுது!”

“நான் இல்லம்மா. எங்கியோ மோட்டார் ஓடுது.”

“காலீலேருந்து கரண்டே இல்ல. எந்த மோட்டாரு?”

எழில் பயந்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறு வருஷம் என்பது பயத்தைவிட நீளம். வீட்டில் இருந்ததிலேயே பெரிய ஊறுகாய் ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகப் போய், பக்கத்து வீட்டின் உளுத்த கதவைத் தள்ளினான்.

உள்ளே நனைந்த கோணி நாற்றம். போன் வெளிச்சத்தில் தரையில் சிலந்தி உரித்துப்போட்ட தோல்கள் தெரிந்தன. கதவருகே மிளகு அளவு. நல்லது, இதற்கு அடுத்ததுதான் வேண்டும். இரண்டடி தள்ளிச் சுண்டைக்காய் அளவு. அப்புறம் பாக்கு. எலுமிச்சம்பழம். எட்டுக் காலும் மடங்கி, கண்ணாடி போல, காலியாக.

தேங்காய்க்கு வந்தபோது ஊறுகாய் ஜாடியைக் கீழே வைத்துவிட்டான்.

பூசணிக்காய்.

அண்டா.

கடைசித் தோல் உள்ளறையை அடைத்துக்கொண்டு நின்றது. முதுகு பிளந்திருந்தது. அந்தப் பிளவில் ஆள் நுழையலாம். விளிம்பு ஈரம். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் கற்ற தொழில் விடவில்லை. குனிந்தான். வயிற்றுக்கு அடியில் வெளிச்சம் காட்டினான்.

குறி இல்லை.

இதுவும் குஞ்சின் தோல்தான்.

போன் அதிர்ந்தது. அம்மா.

“எங்கடா பூட்ட? பரண்மேல இன்னாத்தயோ உருட்டுது. பூனன்னு நெனக்கிறேன்.”

“அம்மா. வெளிய வா.”

“இரு, பரண் கதவு தொறந்துகினு கீது. சாத்திட்டு வரேன்.”

“வாணாம்மா! அம்மா!”

போனை மேடைமேல் வைக்கும் சத்தம். மழை இரைச்சல். நடுச்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்தான்.

தன் மேசை. தன் டப்பாக்கள். சிலந்திகள் இந்தச் சுவரைப் பார்க்கவில்லை. பதினொரு முதுகு. பதினொன்றும் சமையலறையைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கியிருந்தன. தட்டவில்லை. காத்திருந்தன.

அறைக் கதவுக்கு அப்பால், சமையலறையில், அம்மா முக்காலியிலிருந்து இறங்கி, பரணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பைத் தணித்தாள்.

அவளுக்குப் பின்னால் பரணிலிருந்து ஒரு கால் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தோளில் மெதுவாகத் தட்டியது.

போனில் கேட்டது. டிக். டிக். டிக்.

“வந்துட்டியாடா?” என்றாள் அம்மா, திரும்பாமலே.